இருக்கை வேறு, இல்லம் வேறு

(மாவோரி மக்களின் மொழியும் பல்கலைக்கழகமும் பற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



நியூசிலாந்து நாட்டின் தலைநகராகிய வெலிங்டனில், தெ பாப்பா என்னும் நாட்டு அருங்காட்சியகத்தில், உடைந்த வெண்கல மணி ஒன்று காக்கப்பெற்று வருகின்றது. அதன்மேல் வார்க்கப்பெற்றிருப்பவை தமிழ் எழுத்துகள். முகையதீன் பக்கசு என்னும் பெயரோடு கூடிய கப்பலின் மணி அது என்பதை அவ்வெழுத்துகளே தெரிவிக்கின்றன. 1836-ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் வடபகுதியில் வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவ மறைபரப்புநர் அதனைக் கண்டார். அப்பொழுது அது மணியாக ஒலித்துக்கொண்டிருக்கவில்லை. மாவோரிப் பெண்டிர் அதனைத் தலைகீழாகத் திருப்பிக் கலமாக்கி, அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தனர்.

இம்மணியைக் காட்டி, 'தமிழன் நியூசிலாந்துவரை சென்று ஆண்டான்' என்று முழங்குவார் உளர். அம்முழக்கத்திற்கு இம்மணி சான்றாகாது. கப்பல் கைமாறியும் போயிருக்கலாம், மணிமட்டுமே போயிருக்கலாம். இசுலாமியத் தமிழர் கடல்வாணிகத்தில் சிறந்திருந்தனர் என்பதற்கும், தம் கப்பல் மணியிலும் தாய்மொழியையே பொறித்தனர் என்பதற்கும் அது சான்று. அப்பெருமையே போதும். ஆனால், அம்மணியைக் கைக்கொண்டிருந்த மக்களின் வரலாற்றை அறிந்த தமிழர் எத்துணைப் பேர்? மணியைப் பற்றிப் பேசுகின்றவர்கள் அம்மக்களைப் பற்றிப் பேசுவதில்லை. இன்றைய பொழிவு அம்மக்களைப் பற்றியது. தம் மண்ணிலே எழுந்த பல்கலைக்கழகங்களுக்குள் அவர்கள் தம் மொழியோடு நுழைந்த வரலாற்றைப் பற்றியது.

உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்நாளில் மூன்று சொற்கள் பெரிதும் வழங்குகின்றன. ஒன்று நிகர்மை, மற்றொன்று பன்மை, இன்னொன்று மண்ணின் மக்களை உட்சேர்த்தல். மூன்றும் நல்ல சொற்களே. எனினும், சொல் நன்றாயிருப்பதால் மட்டும் செயல் நன்றாகிவிடாது. ஒருவனை வீட்டுக்குள் அழைத்துத் திண்ணையில் ஓர் இருக்கை இட்டு, 'உன் பேச்சை வாயிலிலே விட்டுவிட்டு வந்து உட்கார்' என்றால், அஃது உட்சேர்த்தல் ஆகுமா? இருக்கை வேறு, இல்லம் வேறு. இருக்கையை இட்டவன் எடுத்துக்கொள்ளலாம். இல்லம் உடையவனை எழுப்ப எவனுக்கும் உரிமையில்லை. மாவோரி வரலாறு கற்பிக்கும் பாடம் இஃதொன்றே.

மாவோரி மக்கள் தம்மை 'தங்காத்தா பெனுவா' என்பர். மண்ணின் மக்கள் என்பது அதன் பொருள். அம்மொழியில் மண்ணைக் குறிக்கும் 'பெனுவா' என்னும் சொல்லே கருப்பையிற் குழவியோடிருக்கும் நஞ்சுக்கும் பெயர். மண்ணுக்கும் மாந்தனுக்கும் உள்ள உறவை இதனினும் சுருங்கச் சொல்லிவிட இயலாது. வெள்ளையர் வருமுன்னரே அவர்கட்குக் கல்விமனைகள் இருந்தன. குடிவழியும் விண்மீனறிவும் கடலோடுங் கலையும் அங்கு வாய்மொழியாகப் பயிற்றப்பெற்றன. அம்மனைக்குப் 'பாரே வானங்கா' என்று பெயர்.

1840-ஆம் ஆண்டு பிப்பிரவரி 6-ஆம் நாள் வைத்தாங்கி என்னுமிடத்தில் ஆங்கிலேய அரசுக்கும் மாவோரித் தலைவர்கட்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. பின்னர்ப் பல ஊர்களிலும் கையொப்பமிட்டவர்களைச் சேர்த்தால் தலைவர்கள் 500 பேருக்கு மேலாவர். உடன்படிக்கை இரு மொழியில் எழுதப்பெற்றது. ஆனால், இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. ஆங்கிலப் படி முழு இறைமையையும் அரசிக்குக் கொடுத்தது. மாவோரிப் படியோ ஆட்சி நடத்தும் உரிமையை மட்டும் கொடுத்து, தலைமையுரிமையைத் தலைவர்களிடமே நிறுத்தியது. தலைவர்களுள் மிகப் பெரும்பாலோர் கையொப்பமிட்டது மாவோரிப் படியிலேயே. இரு மொழிகளுக்கிடையே ஒரு சொல் பிறழ்ந்தால், ஓர் இனத்தின் நிலமே பிறழும் என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமோ?

1867-இல் வந்த நாட்டுமக்கள் பள்ளிச் சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்க முனைந்தது. பள்ளிக்கு நிலங்கொடுத்தவர் மாவோரி மக்கள். அப்பள்ளியில் அவர் மொழிக்கு இடமில்லை. பள்ளி எல்லைக்குள் தாய்மொழி பேசியதற்காகப் பிரம்படிபட்ட குழந்தைகள் பலர். 1869-இல் ஒட்டாகோவில் அந்நாட்டின் முதற் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதன்பின் 24 ஆண்டுகள் கழித்தே, 1893-இல், ஆப்பிரானா ஙாட்டா என்பார் காண்டர்பரிக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்று, நியூசிலாந்துப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல் மாவோரியராக விளங்கினார். (தமிழில் மொழிமுதலில் அரிதாக வரும் ஙகரம் மாவோரி மொழியில் மொழிமுதலாக இயல்பாக வருவதைத் தமிழ் கற்றார் உவப்புடன் நோக்குவர்.)

ஙாட்டாவுக்கு இருக்கை கிடைத்தது. அவர்தம் மொழிக்குக் கிடைக்கவில்லை. பட்டமும் பின்னர் நாடாளுமன்ற உறுப்பாண்மையும் பெற்ற அவர், அவற்றோடு நின்றுவிடாமல், தம் முன்னோர் பாடிய பழம்பாடல்களை ஊரூராகத் தேடித் திரட்டினார். 'ஙா மோத்தெயாத்தெயா' என்னும் அத்தொகையின் முதற்பகுதி 1928-இல் நூலாயிற்று. ஏட்டுச்சுவடி தேடி ஊரூராய் நடந்த தமிழ்ப் பெரியோரை நினைவார்க்கு அவ்வுழைப்பின் அருமை விளங்கும். ஆயினும், பல்கலைக்கழகத்தில் மாவோரி மொழி கற்பிக்க ஒரு விரிவுரையாளர் அமர்த்தப்பெற்றது 1951-இல்தான். ஆக்குலாந்தில் அப்பணி ஏற்றவர் புரூசு பிக்சு. முதற் பல்கலைக்கழகம் தோன்றி 82 ஆண்டுகட்குப் பின்னரே மண்ணின் மொழிக்கு ஒரு விரிவுரையாளர்!

இதற்கிடையில் மொழி தேய்ந்துகொண்டே வந்தது. 1913-இல் மாவோரிப் பள்ளிச் சிறாருள் 90 விழுக்காட்டினர் தாய்மொழி பேச வல்லவராயிருந்தனர். 1975-இல் அஃது 5 விழுக்காடாயிற்று. 62 ஆண்டுகளில் இத்துணை வீழ்ச்சி! படையெடுப்பால் நேர்ந்ததன்று; பள்ளியால் நேர்ந்தது. வாள் அழிக்கமாட்டாததைக் கரும்பலகை அழித்தது.

கல்விக்கூடத்தில் அழிந்ததைக் கல்விக்கூடத்தில் நின்றே மீட்க எழுந்தவர் மாணவர். 'ஙா தமத்தோவா' என்பது ஓர் இளைஞர் குழு. இளமறவர் என்பது அதன் பொருள். அக்குழுவினரும் வெலிங்டன் விக்டோரியாப் பல்கலைக்கழகத்து மாவோரிமொழிக் கழகத்தாரும் நாடெங்கும் வீடுவீடாகச் சென்றனர். பள்ளிகளில் மாவோரி மொழி கற்பிக்க வேண்டும் என்னும் வேண்டுகைக்கு 30,000-க்கு மேற்பட்டோரின் கையொப்பம் பெற்றனர். 1972-ஆம் ஆண்டு செபுதம்பர் 14-ஆம் நாள் அதனை நாடாளுமன்றத்தின்முன் கொண்டு சேர்த்தனர். அவ்விளைஞருட் பலர் தாமே தாய்மொழி பேச அறியாதவர். தமக்கு மறுக்கப்பட்டதைத் தம் பிள்ளைகட்குக் கேட்டனர். ஒரு தலைமுறை தன் வறுமையை வெட்கமாகக் கருதாமல் வழக்காக மாற்றிய நாள் அந்நாள்.

இனி, பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். ஆக்குலாந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் சிலர் பட்டமளிப்புக் கொண்டாட்டத்தின்போது மாவோரியரின் 'ஆக்கா' என்னும் மறக்கூத்தை எள்ளி ஆடுதல் வழக்கம். புல்லாடை புனைந்து, உடம்பில் இழிந்த படங்களும் சொற்களும் தீட்டி, தெருவில் ஆடுவர். 'எம் முன்னோர் கூத்தை இழிவுபடுத்தாதீர்' என்று மாவோரி மாணவர் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். 'விளையாட்டுத்தானே' என்பதே மறுமொழி. 1979-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள், அக்கூத்தின் ஒத்திகை நடக்கும் இடத்திற்குள் மாவோரி இளைஞரும் பிற தீவின இளைஞரும் அடங்கிய குழுவொன்று நுழைந்தது. சில நிமையங்களில் கைகலப்பு முடிந்தது. இளைஞர் வழக்குமன்றம் ஏற்றப்பெற்றனர். கைகலப்பைப் போற்றுதல் வேண்டா. ஆனால், ஆண்டுக்கணக்கில் வாயாற் சொன்னதைக் கேளாத செவி, ஒருநாள் நிகழ்ச்சியால் திறந்தது என்பதை மறைத்தலும் வேண்டா. அந்த எள்ளற்கூத்து அதனோடு ஒழிந்தது.

இங்கு எண்ணிப் பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. அப்பல்கலைக்கழகத்தில் அந்நாளில் மாவோரி மாணவர்க்கு இருக்கை இல்லாமலில்லை. மாவோரிமொழி வகுப்பும் இருந்தது. அங்ஙனமிருந்தும், அவ்வினத்தின் பண்பாட்டைத் தெருவில் வைத்துச் சிரிக்க முடிந்தது. ஏன்? வளாகம் ஒருவருக்கு வீடாகவும் மற்றொருவருக்கு விருந்துக்கூடமாகவும் இருந்தமையால்! விருந்தினன் முகஞ்சுளித்தால் வீட்டுக்காரன் பொருட்படுத்துவானா?

அந்நிலையை மாற்றியது மராயே. மாவோரி ஊர்தோறும் ஒரு மராயே உண்டு. பழந்தமிழர் மன்று என்றும் பொதியில் என்றும் சொன்னார்களே, அதற்கு ஒப்பானது அது. செதுக்குவேலை மிகுந்த பேரில்லமும் அதன் முன்னே திறந்த முற்றமும் உடையது. வழக்குத் தீர்ப்பதும் இறந்தாரை இருத்தி அழுவதும் வந்தாரை எதிர்கொள்வதும் அங்கே. விக்டோரியாப் பல்கலைக்கழகத்து மாவோரி ஆசிரியரும் மாணவரும் 1980-இல் வளாகத்திலிருந்த பழைய வீடொன்றில் மராயே தொடங்கினர். 1986-ஆம் ஆண்டு திசம்பர் 6-ஆம் நாள் அதன் செதுக்குப் பேரில்லம் திறக்கப்பெற்றது. 'தெ தூமு எரெங்கா வாக்கா' என்பது அதன் பெயர். கலங்களைக் கட்டும் தறி என்பது பொருள். எத்திசையிலிருந்து வரும் படகும் கட்டிக்கொள்ளலாம். ஆனால், தறி அந்நிலத்தில் ஊன்றியது. பன்மைக்கு இதனினும் நல்ல உவமை ஏது? 1988-இல் ஆக்குலாந்துப் பல்கலைக்கழகத்திலும் மராயே திறக்கப்பெற்றது. விக்டோரியாப் பல்கலைக்கழகம் பின்னாளில், 2019-இல், 'தெ எரெங்கா வாக்கா' என்பதையே தன் மாவோரிப் பெயராக ஏற்றுக்கொண்டது.

மராயேயில் நிகழும் வரவேற்பு முறை அறியத்தக்கது. வருவோர் தாமாக உள்ளே நடந்துவிடுதல் ஆகாது, வாயிலில் நிற்கவேண்டும். உள்ளிருந்து ஒரு பெண்மகள் குரலெடுத்து அழைப்பாள். வந்தோர் பக்கத்துப் பெண்மகள் குரலால் விடை கொடுப்பாள். பின்னரே முற்றத்தில் அடி வைப்பர். இருபாலும் உரை நிகழும். உரைதோறும் பாட்டு எழும். மூக்கொடு மூக்கு ஒற்றி உயிர்ப்பைப் பகிர்வர். உணவோடு முடியும். பேராசிரியரோ துணைவேந்தரோ எவராயினும், அங்கே விருந்தினராய் நின்று அழைப்பிற்குக் காத்திருப்பவரே. வகுப்பறையில் எதிரே அமர்ந்திருந்த மாணவன் மராயேயில் வீட்டுக்காரனாய் வரவேற்கின்றான். இருக்கை இல்லமாவது இவ்வாறே. ஒரு கட்டடத்தால் நேர்ந்ததன்று இது. யார் அழைப்பவர், யார் அழைக்கப்படுபவர் என்னும் முறை மாறியதால் நேர்ந்தது.

வளாகத்துக்கு வெளியேயும் வேலை நடந்தது. 1982-இல் 'கோகாங்கா ரெயோ' என்னும் மொழிக்கூடுகள் தோன்றின. பறவைக்கூடு போல, பள்ளிக்குமுன் பருவத்துக் குழவிகளைப் பாட்டன்மாரும் பாட்டிமாரும் தாய்மொழியிலேயே வளர்க்கும் இடம் மொழிக்கூடு. 1985-இல், உடன்படிக்கையைக் காக்க அமைந்த வைத்தாங்கித் தீர்ப்பாயத்தின்முன் மொழிவழக்கு வைக்கப்பெற்றது. நிலத்தைப் போலவே மொழியும் காக்கப்படவேண்டிய செல்வமே என்று 1986-இல் தீர்ப்பாயம் கூறியது. 1987-இல் மாவோரி ஆட்சிமொழியாயிற்று, மொழியாணையமும் அமைந்தது. ஓத்தாக்கி என்னும் ஊரில் மாவோரியர் 1981-இலேயே தமக்கென ஓர் உயர்கல்வி மனை தொடங்கிவிட்டனர். 1989-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அத்தகைய மனைகளைப் பல்கலைக்கழகங்களோடு ஒருங்கே உயர்கல்வி நிறுவனமாக ஏற்க வழிசெய்தது. அவ்வகையில் மூன்று மனைகள் நடைபெறுகின்றன. பல்கலைக்கழகங்களிலும் மாவோரி மொழியிலேயே முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகின்றனர். அம்மொழியிலேயே அது தேரப்படுகின்றது.

'உயர்கல்விக்கு வேண்டிய சொற்கள் அம்மொழியில் உண்டா?' என்று கேட்டவர் அங்கும் இருந்தனர். இக்கேள்வி தமிழர்க்குப் பழகிய கேள்வி. ஆங்கில மண்டே என்பதை அவர்கள் 'மனே' என்று திரித்து வழங்கிவந்தனர். மொழியாணையம் அதனை விடுத்து 'இராகினா' என்று ஆக்கியது. 'இரா' என்பது நாள். 'கினா' என்பது நிலவைக் குறிக்கும் சொல்லின் ஈறு. திங்கட்கிழமை என்று தமிழன் சொல்வதும் அதுவே அன்றோ! கணினிக்கு 'உரொரோகீக்கோ' என்றனர். மூளை என்பதும் மின் என்பதும் சேர்ந்த கூட்டு. பல்கலைக்கழகத்திற்கோ புதுச்சொல்லே தேடவில்லை. 'பாரே வானங்கா' என்னும் முன்னோர் சொல்லையே இட்டனர். முதியோர் சிலர், 'இப்புதுச்சொற்கள் எங்கட்கு விளங்கவில்லை' என்று வருந்தியதும் உண்டு. தூய்மை நாடுவோர் அவ்வருத்தத்தையும் மதித்தல் வேண்டும். புதுச்சொல் பாட்டியின் வாயை அடைப்பதற்கன்று. பேரனின் வாயைத் திறப்பதற்கு.

நிகர்மை பற்றியும் ஒரு சொல். ஆக்குலாந்துப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் 1972-முதல் மாவோரியர்க்கும் பிற தீவின மக்கட்கும் தனிச் சேர்க்கை முறை உண்டு. 'எல்லார்க்கும் ஒரே அளவு என்பதன்றோ நயன்?' என்பார் அங்கும் உளர், இங்கும் உளர். இருபது முழ ஆழக் கிணற்றினனுக்கும் நாற்பது முழ ஆழக் கிணற்றினனுக்கும் இருபது முழக் கயிறே கொடுத்துவிட்டு, 'ஒப்பக் கொடுத்தேன்' என்றால், ஒருவன் குடிப்பான், ஒருவன் விக்குவான். ஒப்பக் கொடுத்தல் வேறு. ஒக்கச் செய்தல் வேறு. மேலும், தனிவழி நுழைவாயிலில் மட்டுமே. தேர்வும் பட்டமும் எல்லார்க்கும் ஒன்றே. 2023-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் மாவோரியர் 17.8 விழுக்காட்டினர். மருத்துவருள் அவர்கள் ஏறத்தாழ இருபதில் ஒருவரே. 50 ஆண்டுகள் கழிந்தும் கயிறு இன்னும் நீரைத் தொட்டபாடில்லை.

பெற்றது நிலைத்துவிட்டது என்று உறங்கவும் இயலாது. உடன்படிக்கையின் பொருளைக் குறுக்கும் சட்டவரைவு ஒன்றை எதிர்த்து 2024 நவம்பரில் பல்லாயிரவர் நாடாளுமன்றம் நோக்கி நடந்தனர். 2025 ஏப்பிரல் 10-ஆம் நாள் அவ்வரைவு 112-க்கு 11 என்னும் வாக்கில் வீழ்ந்தது. அதே 2025-இல், உடன்படிக்கையையும் மண்ணின் அறிவையும் பற்றி ஆக்குலாந்துப் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்க்குக் கட்டாயமாக வைத்த பாடத்திற்கு எதிர்ப்பெழுந்து, அவ்வாண்டே அக்கட்டாயத்தைத் தளர்த்தும் நிலை வந்தது. ஒரு படி ஏறினால் அரைப் படி இறக்குவோர் எங்கும் இருப்பர்.

அன்பர்களே! இவ்வரலாற்றில் தமிழர் தம் முகத்தைக் காண்பது எளிது. தாய்மொழி பேசியதற்குத் தண்டம் வாங்கும் குழந்தை தமிழ்நாட்டு ஆங்கிலப் பள்ளிகளிலும் உண்டு. மருத்துவமும் பொறியியலும் தமிழில் இயலா என்பார் பேச்சும் ஓய்ந்தபாடில்லை. ஒன்பது இலக்கம் மக்களினத்தவர், தம்முள்ளும் பலர் மொழியை இழந்திருந்த நிலையிலும், ஆய்வேட்டை அம்மொழியில் எழுதுகின்றனர். எட்டுக் கோடித் தமிழர்க்கு எது தடை? மொழி தடையன்று, துணிவின்மையே தடை.

ஆயினும், கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்த்தல் போதாது. கையையும் பார்த்தல் வேண்டும். நீலமலையில் தோடர் உளர், கோத்தர் உளர், இருளரும் குறும்பரும் உளர். அவர்தம் மொழிகள் தமிழோடு ஒருகுடிப் பிறந்தவை. தோடர்மொழி பேசுவோர் ஈராயிரம் பேரளவே. அம்மலைக் குழந்தை ஒன்று வகுப்பறையில் தன் மொழியில் வாய் திறந்தால், தமிழாசிரியன் என்ன செய்கின்றான்? 'ஒழுங்காகத் தமிழில் பேசு' என்று அதட்டுகின்றானாயின், 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவனும் நடத்துகின்றான் என்பதே பொருள். வல்லாண்மை ஆங்கிலத்தில் மட்டும் பேசுவதன்று. அதட்டும் வாய் எதுவோ, அதன் மொழியில் அது பேசும். தனக்குக் கேட்கும் உரிமையைத் தன்னிற் சிறியார்க்குக் கொடாதவன் கேட்பது உரிமையன்று, மேலாண்மை.

தமிழ்த்துறை தோறும் அம்மக்களின் சொல்லும் பாட்டும் தொகுக்கப்படட்டும். தொகுப்பவன் தமிழனாகவும் தொகுக்கப்படுபவர் மலைமக்களாகவும் நின்றுவிடாமல், அவருள் முதியோரே ஆசானாய் அமர்ந்து கற்பிக்கட்டும். கற்றோர் வாயிலில் நின்று அழைப்பிற்குக் காத்திருக்கட்டும். கல்லூரி தோறும் மலைமகன் ஒருவன் 'வாருங்கள்' என்று பிறரை வரவேற்கும் ஒரு மன்று அமையட்டும்.

தமிழ் ஆளவேண்டும் என்பது வேட்கை. தமிழ் அதட்டக்கூடாது என்பது அறம். வேட்கையும் அறமும் கைகோத்து நிற்கும் இடத்தில்தான் ஓர் இனம் உயர்ந்து நிற்கும். தன் மொழிக்கு இல்லம் கேட்கும் தமிழன், பிறன் மொழிக்கு இருக்கையிட்டு அமைதல் ஆகாது. இல்லமே அமைக்கத் துணைநிற்றல் வேண்டும்.

வெல்க தமிழ்! வாழ்க மண்ணின் மொழிகள் அனைத்தும்!